நெற்றியில் வந்த நிறம்

மதியம் பெல் அடித்ததும் எங்கள் ஷூ கம்பெனியில் எல்லோரும் நிழலுக்கு ஓடுவார்கள். வேப்பமரத்தடி, தண்ணீர்த் தொட்டி ஓரம், கேன்டீன் ஷெட் என்று இடம் பிடிப்பதில் தினமும் ஒரு சண்டை நடக்கும். நான் சோற்றை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, பின்பக்கத்து சிமென்ட் தரைக்குப் போய், முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். ஆம்பூரில் சித்திரை மாதத்து உச்சி வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்கள் எனக்கு மண்டை பிசகிவிட்டதோ என்று வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பழைய ஆட்களுக்குக் காரணம் தெரியும், அதனால் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அந்தத் திரும்பிக்கொள்கிறவர்கள் மேல்தான் கோபம் ஜாஸ்தி.

எனக்கு நெற்றியிலும் இடது கன்னத்திலும் இடது முன்கையிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. வெண்புள்ளி என்று மரியாதையாகச் சொல்வார்கள். மரியாதை இல்லாமல் சொல்கிற பெயரும் உண்டு, அதை நான் எழுதப் போவதில்லை. தொட்டால் ஒட்டாது, வலிக்காது, அரிக்காது. பார்க்கிறவர்களுக்குத்தான் அரிப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்குத் தொடங்கியது. நான் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது.

அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தது அக்கா. என்னைவிடப் பெரிதாக ஒன்றும் மூத்தவள் இல்லை, ஆனாலும் அம்மா போல அதட்டுவாள். யாரோ சொன்னார்கள் என்று வேலூர் நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசித் தைலம் வாங்கி வந்தாள். அதை வெள்ளையின் மேல் பூசி, மொட்டை மாடியில் வெயிலைப் பார்க்க நிறுத்துவாள். எரியும். சில நாள் கொப்புளம் கட்டும். நான் அழுதால், "எரிஞ்சாதாண்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம், நில்லு" என்பாள். அப்புறம் கொஞ்சம் பெரியவளானதும் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து வெயிலில் நிற்கச் சொன்னார். நாட்டு வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் ஒத்துப்போவது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. அதனால் வெயில்தான் மருந்து என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கல்யாணம் ஆனதும் தைலம் நின்றது. பிள்ளை உண்டானதும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். வெயிலை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பிள்ளை பிறந்து, வளர்ந்து, பெங்களூருக்கு வேலைக்கும் போய்விட்டான். நான் மட்டும் கம்பெனியின் பின்பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். நிறம் ஒரு கடுகளவுகூட வரவில்லை. வராததற்குக் காரணம் நான் போதுமான அளவு நிற்காததுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே, வெள்ளைக்கு நடுவில், பழுப்பும் சிவப்புமாக ஒரு திட்டு தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் போகவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"இன்னாங்க, இங்க வாங்க, வெளிச்சத்துல பாத்து சொல்லுங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தோல் பதனிடுகிற டேனரியில் ட்ரம் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவர். ஷிப்டு முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். எழுந்து வந்து செல்போன் டார்ச்சை என் நெற்றியில் அடித்துப் பார்த்தார்.

"அட, கலர் ஏறியிருக்குது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை! அவர் பயந்து போய், "இல்லன்னா இல்லன்னு சொல்லிடறேன், அழுவாத" என்றார். நான் உடனே அக்காவுக்கு போன் போட்டேன். அவள் நாட்றம்பள்ளியிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், எங்க காட்டுடி" என்று என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். பார்த்தாள். தரையில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"நான் சொன்னேன் இல்ல? நில்லுடி நில்லுடின்னு அடிச்சிக்கினேன் இல்ல?"

அவள் சொன்னதும் வாஸ்தவம்தான். ஆனால் ஒரு விஷயம் அப்போதே என் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனியில் என் வேலையே தோல் செக்கிங். கட்டிங்குக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு தோலையும் மேஜையில் விரித்து, கட்டைவிரலால் தடவி, உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், ஆறின புண் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வட்டம் போட்டு வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பழுதும் என் கட்டைவிரலுக்குத் தப்பாது என்று மேஸ்திரியே சொல்வார். அந்த விரலால்தான் என் நெற்றியையும் தடவிப் பார்த்தேன். உப்புத்தாளைத் தடவுகிற மாதிரி சொரசொரவென்று இருந்தது. முளைக்கிற தாடி சொரசொரப்பாக இருப்பதுபோல், முளைக்கிற நிறமும் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நல்லது நடந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக் பிடித்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும், அதற்கு சாட்சி என்று பெயர். காய்ச்சல் விட்டது, வேலை கிடைத்தது, நிலத் தகராறு தீர்ந்தது என்று வாரம் யாராவது சொல்வார்கள். நான் ஒருநாளும் அந்த மைக்கைத் தொட்டதில்லை, சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. அந்த வாரம் அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தள்ளியே விட்டாள். மைக் கீச்சென்று கத்தியது. நான் முக்காட்டைப் பின்னால் தள்ளி, நெற்றியைக் காட்டி, "முப்பது வருஷமா இல்லாத நெறம் வந்திருக்குது" என்றேன். சபையே அல்லேலூயா என்றது. கூட்டம் முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். அன்றைக்கு எல்லோருக்கும் நெற்றியைக் குனிந்து காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் வெயிலில் நிற்பது இரண்டு பங்கானது. "கொஞ்சம்தான் வந்திருக்குது, இன்னும் நின்னா மிச்சமும் வந்துரும்" என்று அக்கா தினமும் போனில் ஞாபகப்படுத்தினாள். ஞாயிற்றுக்கிழமையும் மாடியில் நின்றேன். கையிலும் அதே மாதிரி சின்னச் சின்னத் திட்டுகள் வந்தன. பிள்ளைக்குப் பல் முளைத்தால் எண்ணிப் பார்க்கிற மாதிரி நானும் அவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

ஒருநாள் கம்பெனியில் முகம் துடைத்த துண்டில் ரத்தம் ஒட்டியிருந்தது. நெற்றித் திட்டிலிருந்துதான் வந்திருந்தது. மேலே கட்டியிருந்த பொருக்கு உரிந்திருந்தது. என்னோடு அதே மேஜையில் வேலை பார்க்கிற ஆபா பார்த்துவிட்டாள். உருதுவில் ஆபா என்றால் அக்கா. அப்படிக் கூப்பிடுகிறேனே தவிர, இருவருக்கும் ஒரே வயதுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தோஸ்த்.

"இது இன்னா?" என்றாள்.

"நெறம் வர்ற எடம்."

"அரே, ரத்தம் வர்ற நெறத்த நான் எங்கயும் பாத்ததில்லம்மா. நீ மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு."

"உனக்குப் பொறாமை" என்றேன். அவளுக்கு எதற்குப் பொறாமை? எலுமிச்சை நிறத்தில் இருப்பாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படாமல், "பொறாமையே படறேன், நீ டாக்டர்கிட்ட போ, பேஜார் பண்ணாத" என்றாள்.

வேலூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் வீட்டுக்காரரோடு போனேன். டாக்டரம்மா ஒரு சின்ன லென்ஸை நெற்றியில் வைத்துப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். அந்தத் தடவலைப் பார்த்ததும் எனக்கு என்னவோ மாதிரி ஆனது. எங்கள் மேஜையில் நாங்கள் செய்கிற அதே தடவல்.

"வெயில்ல நிறைய இருப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு நாள் விடாம நிப்பேன் டாக்டர்" என்றேன், முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று கேட்டார். தைலம், மாத்திரை, மொட்டை மாடி, மதிய பெல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் பெருமையாகச் சொல்கிறேன், அவர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி கேட்கிறார்.

"நம்ம தோல்ல இருக்கிற நிறம்தாம்மா வெயிலுக்குக் குடை. வெள்ளையான இடத்துல அந்தக் குடை இல்ல. குடை இல்லாத இடத்தையே நீங்க இவ்வளவு வருஷம் வெயில்ல காட்டியிருக்கீங்க. வெயில் பட்டுப் பட்டு அந்தத் தோல் கெட்டுப்போயிருக்கு. நீங்க பாக்கறது நிறம் இல்லம்மா."

"அப்போ?"

"இது கேன்சர் இல்ல. ஆனா இந்த மாதிரி திட்டு சிலது, அப்படியே விட்டா கேன்சரா மாறலாம். எல்லாம் மாறாது. எது மாறும்னு வெளிய இருந்து சொல்ல முடியாது. அதனால எல்லாத்தையும் எடுத்துடறதுதான் நல்லது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேன்சர் இல்லை, ஆனால் ஆகலாம், ஆகாமலும் போகலாம், இருந்தாலும் எடுக்க வேண்டும். இல்லாத நோய்க்கு வைத்தியம் உண்டா? வீட்டுக்காரர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதாவது, பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க, இன்னும் தட்டு மாத்தல. அப்படித்தானே டாக்டர்?" என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படியே வெச்சுக்கங்க. தட்டு மாத்தறதுக்குள்ள நாம வேணாம்னு சொல்லிடணும்."

இந்த மனுஷனுக்கு எங்கே எதைப் பேசுவது என்று கிடையாது. நான் அவரை முறைத்துவிட்டு, "வெயில்ல நில்லுன்னு ஒரு டாக்டர்தானே சொன்னாரு?" என்று கேட்டேன். மாத்திரையும் வெயிலும் சேர்ந்தது ஒரு வைத்தியம்தான், ஆனால் அது கொஞ்ச காலத்துக்கு, அளவோடு, டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது, இப்போதும் அதற்கென்று மெஷினில் வெளிச்சம் கொடுக்கிறோம், அதற்கும் கணக்கு உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். "உங்கள ஆயுசு முழுக்க நிக்கச் சொல்லி யாரும் சொல்லலயே" என்றார்.

"நிறுத்தச் சொல்லியும் யாரும் சொல்லலயே டாக்டர்" என்றேன். அவர் என் சீட்டில் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

நெற்றித் திட்டிலிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, கேன்சராக இன்னும் மாறவில்லை, ஆனால் விட்டுவைக்கக் கூடாது என்று முடிவு வந்தது. அப்போது நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"எடுத்தா அந்த எடம் மறுபடி வெள்ளை ஆயிடுமா?"

"ஆமாம்மா, வெள்ளையாத்தான் இருக்கும்."

"அப்போ யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

யோசித்தேன் என்றா நினைக்கிறீர்கள்? குழம்பினேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு போவேன். மறுநாள் மதிய பெல் அடித்ததும் கால் தானாகப் பின்பக்கம் போகும். பாதி தூரம் போய்த் திரும்புவேன். கண்ணாடியில் அந்தத் திட்டைப் பார்த்தால், உன்னைக் கொல்ல வந்தது என்று ஒரு மனசு சொல்லும், உனக்குக் கிடைத்த ஒரே நிறம் இதுதானே என்று இன்னொரு மனசு சொல்லும். அக்காவிடம் சொன்னால், "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்று ஆரம்பித்து, முடிக்கும்போது, "நான்தானே உன்ன நிக்க வெச்சேன்" என்று ஓவென்று அழுதாள். அவளைத் தேற்றுவதா, என்னை நானே தேற்றிக்கொள்வதா? மண்டை காய்ந்தது.

போதகரிடமும் போனேன். ஊருக்கெல்லாம் சாட்சி சொன்னது நான்தானே. "பாஸ்டர், அது நெறம் இல்லியாம். சொன்ன சாட்சிய திரும்ப எடுத்துக்க முடியுமா?" என்று கேட்டேன். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. "முத்தறதுக்கு முன்ன கண்டுபிடிச்சிட்டாங்க இல்ல சிஸ்டர்? அதுவும் சாட்சிதான். வைத்தியம் முடிஞ்சதும் வந்து சொல்லுங்க" என்றார். வந்தாலும் சாட்சி, போனாலும் சாட்சி. அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. எனக்கோ, போனபோது இருந்த குழப்பத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் ஆபாதான் சண்டை போட்டாள். ஒரு நாள் வேலைக்கு நடுவில், "கண்ண மூடு" என்றாள். மூடினேன். என் கட்டைவிரலைப் பிடித்து ஒரு தோலின் மேல் தேய்த்தாள். பொருக்குத் தட்டி ஆறின இடம் என்று உடனே தெரிந்தது. "பழுது, வட்டம் போடு" என்றேன். அதே விரலைத் தூக்கி என் நெற்றியில் வைத்துத் தேய்த்தாள். "இது இன்னா?" என்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "நான் மாட்டுத் தோலா?" என்று கத்தினேன். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ஷிப்டு முடியும்வரை அவளோடு பேசவில்லை. ஆனால் அந்த விரலை என்ன செய்வது? அது சொன்னது சொன்னதுதான். மறுவாரம் வேலூருக்குப் போனேன்.

நெற்றியைக் குளிர வைத்து எடுத்தார்கள். திட்டைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டு, புகை வருகிற குளிர்ந்த காற்றை ஒரு சின்னக் குழாயால் அடித்தார்கள். ஐஸால் சூடு வைத்த மாதிரி சுரீரென்று பிடித்தது. பிறகு கொப்புளம் வந்து, பொருக்குத் தட்டிக் கறுப்பாக நின்றது. பார்க்க வந்த அக்கா, "கறுப்பா இருக்குதேடி, ஒருவேளை..." என்று இழுத்தாள். "அக்கா, வாய மூடு" என்றேன். அவளும் மூடிக்கொண்டாள், பாவம். பொருக்கு உதிர்ந்ததும் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்து, வெள்ளையாகிவிட்டது.

கைக்கு ஒரு கிரீம் கொடுத்திருந்தார்கள். சில வாரம் பூச வேண்டும், சிவக்கும், எரியும், புண் மாதிரி ஆகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. கை சிவந்து, அதுவரை ஒன்றும் தெரியாத இடத்திலெல்லாம் திட்டு திட்டாகத் தலைகாட்டி, தோல் உரிந்து நின்றபோது நான் பயந்துபோனேன். வீட்டுக்காரர் கிரீமைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். கிளினிக்குக்கு போன் போட்டேன். நர்ஸ் பெண் பேசினாள்.

"எரியுதாக்கா? செவந்திருக்கா? அப்போ நல்லா வேலை செய்யுது. சீழ் வெச்சா, ஜுரம் வந்தா மட்டும் உடனே வாங்க. இல்லன்னா விடாம பூசுங்க."

போனை வைத்தேன். எரிந்தால் வேலை செய்கிறது. அக்கா மொட்டை மாடியில் சொன்ன அதே வசனம். அப்போது எரிந்தது கெடுத்தது, இப்போது எரிவது காப்பாற்றுகிறது. சிவப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டபோது அது நோய், சிவப்பைப் பார்த்துப் பயந்தால் அது மருந்து. ஒரு மனுஷி எதைத்தான் நம்புவாள்? நம்பிக்கையெல்லாம் இல்லாமலேயே, வீட்டுக்காரரிடமிருந்து கிரீமைத் திரும்ப வாங்கிப் பூசினேன். பூசப் பூச அவரைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், ஆம்பூர் வெயிலையும் திட்டினேன். கிரீம் முடிந்து கொஞ்ச நாளில் கை ஆறியது. தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

இப்போது வெள்ளையான இடத்துக்கெல்லாம் காலையிலும் மதியமும் சன்ஸ்கிரீன் பூசுகிறேன். முழுக்கை ரவிக்கை, அகலத் தொப்பி, குடை. மாதம் ஒரு தடவை கண்ணாடி முன் நின்று கட்டைவிரலால் நெற்றி, கன்னம், காது மடல், கை எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும் என்றும், சொரசொரப்போ ஆறாத புண்ணோ இருந்தால் உடனே வர வேண்டும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கம்பெனியில் மதியம் நானும் நிழலுக்குச் சண்டை போடுகிறேன். ஆபா எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, வராவிட்டால் கெட்ட வார்த்தையில் கூப்பிடுகிறாள்.

சமீபத்தில் மறுபரிசோதனைக்குப் போனோம். கூட்டம் என்பதால் வீட்டுக்காரரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் நேராகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"டாக்டர், இனிமே எனக்கு நெறம் வருமா?"

அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு வருஷம் ஆன இடத்துல வர்றது கஷ்டம்மா. உங்க தோலுக்கு இனி வெளிச்ச வைத்தியமும் குடுக்க நான் துணிய மாட்டேன். வராதுன்னே வெச்சுக்கங்க" என்றார்.

வராது. தைலம் விற்றவர், மாத்திரை கொடுத்தவர், அக்கா, சபை, ஒருத்தர்கூட இந்த வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. அழ வேண்டும் போலவும் இருந்தது, பாரத்தை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. எது நிஜம் என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தார். "இன்னா சொன்னாங்க?"

"வராதாம்."

"எது வராதாம்?"

"நெறம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நெறமா? அதையா இவ்ளோ நேரம் கேட்டுனு இருந்த? மறுபடி வந்துருச்சோ, கேன்சரா ஆயிடுச்சோன்னு வயித்துல நெருப்பக் கட்டினு நான் இங்க உக்காந்துனு இருக்கேன்."

"அது இல்லியாம். சுத்தமா இருக்குதாம்."

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்றார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பொண்ணு பார்த்தது, தட்டு மாற்றியது என்று கேலி பேசிய மனுஷன், நாலு பேர் பார்க்கத் தோள் குலுங்க அழுதார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவ்ளோ பயம் இருக்கிறவரு, வெயில்ல நிக்காதன்னு இத்தனை வருஷத்துல ஒரு தபா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ ஆசையா நின்ன. வேணாம்னு சொன்னா, வெள்ளையாவே கெடன்னு சொல்றேன்னு நெனச்சுக்குவியோன்னு விட்டுட்டேன்."

"எனக்கு இன்னா ஆசை? உங்களுக்காகத்தானே நின்னேன்."

துண்டை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கா? நான் எப்போ கேட்டேன்?"

கல்யாணம் பேசிய நாளிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.